கிழக்குப் பக்கம் பன்னெண்டு ஆணி

காலைக் கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. பையில சுத்தியல் கிடக்கு. பஸ்ஸு பள்ளத்துல இறங்குச்சுன்னா உங்க விரல்ல விழுந்துரும். பாக்கதுக்குச் சின்னதாத்தான் இருக்கும். ஒரு மனுசன் கையை இது என்ன செய்யும்னு நான் கண்ணால பாத்தவன், அதான் சொல்லுதேன்.

பாளையங்கோட்டைக்கா? நானும் அங்கனதான். விசாரணை. என்னைக் கூப்பிடல, நானாப் போறேன். நான் வச்ச வக்கீலே வராதியன்னுட்டார். வந்தாலும் வாயைத் தொறக்காதியன்னார். எதுக்குய்யா தொறக்கக்கூடாது? செத்தது எம்புள்ள. நான் தொறக்காம வேற எவன் தொறப்பான்?

நீங்க கபடி பாக்கப் போவியளா? போவியன்னா என்னைத் தெரிஞ்சிருக்கும். கேலரி கொம்பையான்னு கேட்டாத் திசையன்விளைப் பக்கம் சின்னப் புள்ளையும் சொல்லும். கபடிப் போட்டிக்கு மைதானத்தைச் சுத்திப் படிப்படியா மரத்துல கட்டுவோம்லா, சனம் உக்காந்து பாக்கதுக்கு, அந்தக் கேலரிதான். காலு நட்டு, காலுக்குக் காலு தாங்குபலகை அடிச்சு, அதுக்கு மேல உக்காருத பலகை. எல்லாம் ஆணிதான். நான் ஆணி அடிச்சா நூல் புடிச்சாப்ல நிக்கும். சும்மா சொல்லல, நூல் புடிச்சே அடிப்பேன். சாக்பீஸ் தடவுன நூலைப் பலகையில தட்டி, கோடு விழுந்த எடத்துல வரிசையா. தூரத்துல நின்னு பாத்தா தையல் மிசின்ல தைச்ச மாதிரி இருக்கும். அதுக்குன்னே என்னைக் கூப்பிடுதவன் உண்டு.

எனக்குக் கோவம் கொஞ்சம் வரும். அதையும் சொல்லிருதேன், பெறகு எவனும் வந்து உங்ககிட்ட வத்தி வைக்கக்கூடாது. கோவம் வந்தா கை முந்திரும். தொழில்ல அது இல்லாம ஆகாது அண்ணாச்சி. ஆள்காரன் அத்தனை பேரும் குடிகாரப் பயலுவ. ஒருத்தனைச் செவுட்டுல அடிச்சா ஒம்பது பேரு வேலை பாப்பான். எங்க வீட்டுலயும் அப்பிடித்தான். ஆனா மனசுல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டேன். அடிச்ச கையோட நானே கடைக்குப் போயி புரோட்டா வாங்கிக் கொடுப்பேன்.

இந்தச் சித்திரையில வடக்குவிளையில பெரிய போட்டி. போலீசுல பெர்மிசன் வேணும்னா கேலரி தாங்கும்னு ஒரு இஞ்சினியர் கையெழுத்துப் போடணும். எப்பவும் எவனாவது ஒருத்தன் கேலரியைப் பாக்காமலே போட்டுக் கொடுப்பான். இந்தத் தடவை கமிட்டிக்காரனுவ, உம்ம தங்கச்சி மாப்ளையே இஞ்சினியர்தானவே, அவரையே போடச் சொல்லும்னுட்டானுவ. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. என் தங்கச்சி பிரம்மசக்தியை ஆதிலிங்கத்துக்குக் கட்டிக் கொடுத்ததே நாந்தான். அப்பா இல்லாத புள்ள அவ. மாப்ள பாலிடெக்னிக்ல வாத்தியார், குனிஞ்ச தலை நிமிர மாட்டான், எறும்பை மிதிச்சாக்கூட மன்னிச்சுக்கோன்னு சொல்லுத பார்ட்டி. இதுவரைக்கும் என் தங்கச்சியை ஒரு அடி அடிச்சது கிடையாது. அதுவே எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். ஆம்பளைன்னா ஒரு இது வேண்டாமா?

வந்தான். வந்தவன் போட்டுட்டுப் போக வேண்டியதுதான? உக்காந்துட்டான். என்ன மரம் மச்சான், பச்சையா காஞ்சதா மச்சான், ஆணி என்ன கனம், காலுக்குள்ள எம்புட்டு இறங்குது. ஒரு ஆணியை எடுத்து இடுக்கி மாதிரி ஒரு சாமானுக்குள்ள வச்சு அளக்கான். ஆள்காரப் பயலுவ சிரிக்கானுவ.

“ஆணியைக் கொறட்டால இழுத்துப் புடுங்குதோம்லா, அது ஒரு பலம் மச்சான்”னான். “ஆனா சனம் உக்காரும்போது ஆணியை எவனும் இழுக்கல. குறுக்கால அமுக்குதான். அது வேற பலம். ஆணி படக்குன்னு முறியாது. மெல்ல வளையும். அதைச் சுத்தி இருக்க மரம் நசுங்கும். நசுங்கித் தாங்குததுக்கு எம்புட்டு மரம் இருக்கு, அதான் கணக்கு.”

பெறகு எழுதுதான் எழுதுதான், பேப்பர் பேப்பரா. இந்த மரத்துல இந்த ஆணி ஒண்ணு இம்புட்டுக் கிலோ தாங்கும். காலும் தாங்குபலகையும் சேருத ஒரு மூட்டுக்கு இத்தனை பேரு பாரம். உக்காந்திருந்தா ஒரு பாரம், குதிச்சா ஒரு பாரம், எல்லாவனும் சேந்து ஒரு பக்கமாச் சாஞ்சா ஒரு பாரம். கடைசியில, மூட்டுக்கு எட்டு ஆணி மச்சான்னான்.

நான் சொன்னேன், எட்டு என்ன மாப்ள எட்டு, நான் பன்னெண்டு அடிக்கேன். என் செலவு, எனக்கில்லாத அக்கறையா.

“எண்ணிக்கை இல்ல மச்சான், இடம்தான் முக்கியம்”னுட்டு ஒரு படம் போட்டுக் காமிச்சான். மேல ஒண்ணு கீழ ஒண்ணு, மேல ஒண்ணு கீழ ஒண்ணு, புள்ளி புள்ளியா. நடுவுல நாலு விரக்கடை விடணுமாம். அடிக்கதுக்கு முன்னாடி மெல்லிசாத் துளை போட்டுக்கிடணுமாம். “மரத்துல நரம்பு ஓடுதுல்லா, ஒரே நரம்புல ரெண்டு ஆணி நெருக்கி இறங்கக்கூடாது. ஒவ்வொண்ணும் ஆப்பு மாதிரி. வரிசையா இறங்குனா நீங்களே பலகையைப் பொளந்து விட்ட மாதிரி ஆயிரும்.”

மரத்துக்கு நரம்பு ஓடுறதை எனக்கு இவன் சொல்லுதான். நான் பால்குடி மறந்ததுல இருந்து மரத்தோட கிடக்கேன். இது தச்சு வேலையா மாப்ள, இல்ல மார்கழி மாசத்துக் கோலமான்னு கேட்டேன். அத்தனை பேரும் சிரிச்சானுவ. அவனும் சிரிச்சான். ஆனா பேப்பரை மடிச்சு என் சட்டைப் பையில வச்சுட்டுத்தான் விட்டான்.

மேக்குப் பக்கம் அவன் கூடவே நின்னு அடிக்க வச்சான். துளை போட்டு, அளந்து அளந்து, எட்டு எட்டா. என் ஆளுவளை அவன் வேலை வாங்குதான், நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கேன். எப்பிடி இருக்கும் சொல்லுங்க. சரி, தங்கச்சி மூஞ்சிக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டு விட்டேன். கிழக்குப் பக்கம் நானே இறங்கிட்டேன். ஒரு ஆளைத் தொட விடல. அத்தனை மூட்டும் என் கையால, நூல் தட்டி, ஒரே கோட்டுல பன்னெண்டு பன்னெண்டு. அவன் சொன்னதுக்கு மேல நாலு. ஒரு சாண் பலகையில பன்னெண்டு ஆணித் தலை ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டு நின்ன அழகை நீங்க பாக்கணும்.

பலகையைப் புடிச்சுக்கிட்டது எம்மவன் இசக்கிராஜா. இருபத்திமூணு வயசு. கபடியில ஏறிப் பாடப் போனான்னா எதிர்ச்சைடுல ரெண்டு பேரையாவது தொட்டுட்டுத்தான் திரும்புவான். நெஞ்சு இப்பிடி இருக்கும். அவன் சொல்லுதான், “எப்பா, பலகை கீச்சுங்குது”ன்னு. இன்னொரு ஆணி இறக்குனேன். “எப்பா, கீறுதுப்பா. மாமா சொன்ன மாதிரி அடிச்சிரலாம்ப்பா.” மாமா சொன்ன மாதிரியாம். பெத்த தகப்பன் முன்னால. சுத்தியலைத் திருப்பிப் புடிச்சுக் காம்பால முதுகுல வச்சேன் பாருங்க ஒண்ணு, பனியன் கிழிஞ்சு தோலு வந்துட்டு. ரெத்தம் இடுப்பு வரைக்கும் ஓடுச்சு. அவ்வளவுதான். பலகையை அமுக்கிப் புடிச்சுக்கிட்டே நின்னான். ஒரு அடி அடிச்சாக் கேட்டுக்கிடுவான். நல்ல புள்ள.

சாயங்காலம் மாப்ள கிழக்க வந்தான். அதுக்குள்ள ஸ்பான்சர்காரன் பிளெக்ஸை வரிசையாக் கட்டிட்டான், மூட்டெல்லாம் மறைஞ்சுட்டு. “பிளெக்ஸைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்க மச்சான், பாத்துட்டுப் போட்டுருதேன்”னான். எனக்கு வந்துச்சு பாருங்க. சனம் பாத்துக்கிட்டு நிக்கு, கமிட்டிக்காரன் நிக்கான். சட்டையைப் புடிச்சேன். இறுக்கிப் புடிக்கல, சும்மா ஒரு புடி. மேல் பட்டன் ரெண்டு தெறிச்சுட்டு. நீர் சொன்னதுக்கு மேலயே அடிச்சிருக்கேன், என் தங்கச்சியை நம்பி உம்ம கையில கொடுத்தேன், என் வார்த்தையை நம்பி ஒரு கையெழுத்துப் போட மாட்டீரான்னு கேட்டேன். கீழ கிடந்த பட்டனை எடுத்துப் பையில போட்டான். போட்டுட்டுக் கையெழுத்தும் போட்டான்.

இதை மட்டும் குறிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. நான் எழுதச் சொல்லல. கணக்கு அவனுது, கையெழுத்தும் அவனுது.

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. கேலரி கட்டுனவன் வீட்டு ஆளுதான் முதல்ல ஏறணும். மேல்வரி ஓரத்துல, எல்லாருக்கும் தெரியுத மாதிரி உக்காரணும். அப்பத்தான் சனம் நம்பி ஏறும். இசக்கிக்கு அன்னைக்கு ரெண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்துக்குப் போயி கிழக்கோரம் மேல உக்காருலேன்னேன். பனியனை மாத்தி ஜெர்சி போட்டிருந்தான். முதுகுல ஒட்டுது போல, ஒரு கையால துணியை இழுத்து விட்டுக்கிட்டான். என்னைப் பாத்தான். என்னமோ சொல்ல வந்தான். என்னலேன்னேன். ஒண்ணுமில்லப்பான்னுட்டு ஏறிட்டான்.

ஆட்டம் நல்ல சூடு. கடைசி ரெய்டு, சமநிலையில நிக்கு. பாடிப் போனவன் கோட்டைத் தொட்டானா தொடலையான்னு அத்தனை சனமும் எந்திரிச்சு ஒரு பக்கமாச் சாஞ்சுது.

ஆணி முறிஞ்சா டப்புன்னு கேக்கும் அண்ணாச்சி. எனக்குத் தெரியும். இது அப்பிடிக் கேக்கல. பச்சை மட்டையைக் கிழிச்சா ஒரு சத்தம் வரும்லா, அது ஓரத்துல இருந்து ஓடி வந்துச்சு. ஒரு மூட்டு, அடுத்த மூட்டு, அடுத்தது. கிழக்குப் பக்கம் பூராவும் அப்பிடியே மண்டி போட்டு உக்காந்துட்டு.

ஓடுனேன். கையி காலு தனித்தனியாத் தெரியுது, எது எவனுதுன்னு தெரியல. ஒரு பொம்பளைக்குத் தாடை தொங்குது, அவ சத்தமே போடாம தண்ணி தண்ணின்னு கையைக் காட்டுதா. ஒருத்தன் தொடையில என் நாலு இஞ்சு ஆணி ரெண்டு குத்தி நிக்கு, பலகையோட. நான் பலகையைப் புடுங்கி எறியுதேன், அடியில கிடக்கவன் மேல மிதிச்சு ஏறுதேன், எம்புள்ளையைத் தேடுதேன். ஒருத்தன் என்னைப் புடிச்சு நிறுத்தி, எந்தத் தேவடியாப் பய கட்டுனான் இதைன்னு கத்துனான். வாயில குத்துனேன். ரெண்டு பல்லு என் கைமுட்டியில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தா பாருங்க தழும்பு.

மேல்வரி உயரம்லா. விழுந்த வேகத்துல கேலரிக் காலு ஒண்ணு குறுக்க முறிஞ்சு ஈட்டியா நின்னுருக்கு. இசக்கி அதுக்கு மேல கிடந்தான். மல்லாக்க. ஜெர்சிக்கு நடுவால கட்டை வெளிய நிக்கு. உயிர் இருந்துச்சு. எப்பான்னான். நான் கட்டையைப் புடிச்சு இழுக்கப் போனேன். மாப்ள எங்கிருந்தோ வந்து என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான், இழுக்காதிய மச்சான், இழுத்தா ரெத்தம் நிக்காது, ஆம்புலன்ஸ் வரட்டும்னு. அவனை உதறி எறிஞ்சேன். இழுத்தேன். ரெத்தம் என் மூஞ்சியில அடிச்சுது.

அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வரும்போது அதுக்கு வேலை இல்ல.

தண்ணி இருக்கா அண்ணாச்சி? கொடுங்க. ஒரு மடக்குப் போதும்.

அடக்கம் பண்ணுன அன்னைக்குச் சாயங்காலம் என்னால வீட்டுல இருக்க முடியல. சுத்தியலை எடுத்துக்கிட்டு மைதானத்துக்குப் போனேன். எதுக்குன்னு கேட்டாத் தெரியாது. பழக்கம், கையில அது இருக்கணும். போயிப் பாத்தா, விழுந்து கிடக்க குவியலுக்குள்ள ஒருத்தன் குனிஞ்சு என்னத்தையோ இழுக்கான். மாப்ள. கிழக்கோரத்து மூட்டுப் பலகையைத் தேடி எடுத்து ஒரு சாக்குக்குள்ள திணிக்கான். பக்கத்துல மண்ணெண்ணெய்க் கேன்.

இப்பம் நீங்களே சொல்லுங்க. கணக்குச் சரியாப் போட்டவன் பலகையை எதுக்குத் திருடணும்? எதுக்கு எரிக்கணும்? எட்டு போதும்னு எழுதுனான். பன்னெண்டு அடிச்சும் விழுந்துட்டு. அப்பம் பதினாறு எழுதியிருக்கணும், இருபது எழுதியிருக்கணும். தப்பு வெளிய தெரிஞ்சிரும்னு சாட்சியை அழிக்க வந்திருக்கான்.

போடுலே பலகையைன்னேன். அழுதான். “மச்சான், இதை யாருக்கும் காட்டாதிய. உங்க காலைப் புடிக்கேன், நீங்களும் பாக்காதிய”ன்னான். நான் ஒரு பக்கம் இழுக்கேன், அவன் ஒரு பக்கம் இழுக்கான். அந்த நோஞ்சான் உடம்புல அவ்வளவு பலம் எங்க இருந்துச்சோ, விட மாட்டேங்கான். வலது கை பலகை மேல இருந்துச்சு. அந்தக் கைதான எழுதுனது? அடிச்சேன். விடல. திரும்ப அடிச்சேன். எலும்பு நொறுங்குறது சுத்தியல் காம்புல தெரியும், காஞ்ச சுள்ளியை மிதிச்ச மாதிரி. அப்பவும் மத்தக் கையால அணைச்சுக்கிட்டுக் கிடந்தான். நெஞ்சுல மிதிச்சுத்தான் புடுங்க முடிஞ்சுது.

நான் போலீசுக்குத் தயாரா வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். வரல. ஆஸ்பத்திரியில என்ன சொல்லியிருக்கான்னா, ஸ்கூட்டர்ல இருந்து விழுந்துட்டேன்னு. பாத்தியளா குத்தமுள்ள நெஞ்சை? என்மேல கேஸ் கொடுத்தா என்னையும் கூப்பிட்டு விசாரிப்பான், பலகை வெளிய வரும்னு பயம். விசாரணையில அவனே எழுதிக் கொடுத்துட்டான், எங் கணக்குத் தப்பு, எல்லாம் என் பொறுப்புன்னு. வேலை போயிட்டு. இன்னைக்கு அதிகாரி கடைசியாக் கேக்காராம், பெறகு செயிலுதான்.

அதான ஞாயம்? ஆனா எங்க வீட்டுப் பொம்பளையளுக்குப் புடிச்ச கோட்டியைப் பாருங்க. தங்கச்சி வந்து, அண்ணே, அவரு போறது போகட்டும், நான் பாத்துக்கிடுதேன், நீ மட்டும் அந்தப் பலகையை அடுப்புல போட்டுருன்னா. ஒரு அறை விட்டேன், கம்மல் தெறிச்சு விழுந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போயிட்டா, ஒரு சாபம் விடல. என் பொண்டாட்டி செல்லக்கனி என்ன செஞ்சான்னு கேளுங்க. அவ கிட்டதான் பலகையை முதல்ல காட்டுனேன். பாருட்டி, பன்னெண்டு இருக்கா எண்ணிக்கோ, உன் புருசன் மேல தப்பில்லன்னு. அவ எண்ணல. பலகை மேல விரலை வச்சு ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் மெல்ல ஓட்டுனா. பெறகு என்னைப் பாத்தா. இருபத்தஞ்சு வருசத்துல அவ என்னை அப்பிடிப் பாத்ததில்ல. அடிப்பேன்னு பயமே இல்லாத பார்வை. எந்திரிச்சு ரெண்டு சேலையை எடுத்துக்கிட்டு நேரா மாப்ள வீட்டுக்குப் போயிட்டா. வலது கை கட்டுல இருக்குல்லா அவனுக்கு, இவதான் சோறு ஊட்டுதாளாம். பெத்தவ அண்ணாச்சி. எம்புள்ளையைக் கொன்னவனுக்கு உருண்டை உருட்டி ஊட்டுதா.

வக்கீலும் அப்பிடித்தான். பலகையைப் பாத்தார். கண்ணாடியைக் கழத்தித் தொடைச்சார். பேசாமக் கொண்டு போயி ஆத்துல போட்டுரும், உமக்குக் கோடிப் புண்ணியம்னார். எல்லாவனும் ஒரே கட்சி. படிச்சவனுக்குப் படிச்சவன்.

நீங்க பொதுவான ஆளு. நீங்க சொல்லுங்க. இந்தா, கொண்டு வந்திருக்கேன். இருங்க, பிரிக்கேன். சுத்தியிருக்கது அவன் ஜெர்சிதான், அந்தக் கறை போகல. புடிங்க, ரெண்டு கையாலயும் புடிங்க, கனமா இருக்கும். எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு. பன்னெண்டு இருக்கா? ஒண்ணாவது வளைஞ்சிருக்கா பாருங்க, ஒண்ணாவது முறிஞ்சிருக்கா? கோட்டை விட்டு ஒரு மயிரிழை விலகியிருக்கா? இதைத்தான் இன்னைக்கு மேசை மேல வைக்கப் போறேன். கிழக்க அடிச்சது யாருன்னு அதிகாரி கேப்பாரு. நாந்தான்னு சொல்லுவேன். அத்தனை ஆணியும் என் கையால அடிச்சது, ஒருத்தனைத் தொட விடலன்னு சத்தமாச் சொல்லுவேன்.

எண்ணச் சொன்னா நீங்களும் ஏன் அந்தக் கீறல்லயே விரலை ஓட்டுதிய? அது விழுந்ததுல கீறுனது. ஆமா, ஆணி வழியாத்தான் போவுது. பன்னெண்டு வழியாவும்தான். அதுக்கு என்ன இப்பம்?

ஏன் அழுதிய அண்ணாச்சி? நான் உங்ககிட்ட என்ன கேட்டேன், பன்னெண்டு இருக்கான்னுதான கேட்டேன்?

சரி, கொடுங்க. ஸ்டாப் வந்துட்டு. கண்டக்டர் விசில் அடிக்கான், கேக்கலையா? கொடுங்கங்கேன்லா. எதுக்கு இப்பிடி நெஞ்சோட வச்சு அணைச்சுக்கிடுதிய? அது எம்புள்ள சாமான். அண்ணாச்சி, நான் நல்ல விதமாச் சொல்லுதேன். அந்தப் பையைக் காலால இங்கிட்டுத் தள்ளிட்டு, கையைப் பலகையில இருந்து எடுத்துருங்க.